ஒரு போன் போட்டுட்டுத்தான் பூ வரும்

எங்கள் கடைக்கு கூகுளில் விழுந்திருக்கும் ஒற்றை நட்சத்திரங்களைப் படித்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான் இருக்கும். "அம்மாவுக்கு சர்ப்ரைஸா அனுப்பினேன். முன்கூட்டியே போன் பண்ணி மொத்தத்தையும் கெடுத்துட்டாங்க." பூ வாடியிருந்தது, போட்டோவில் இருந்த கலர் வரவில்லை என்பதெல்லாம்கூட இதற்கு அடுத்தபடிதான். ஒவ்வொன்றுக்கும் கீழே வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஏன் என்று அந்த இரண்டு வரியில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

அசோக் நகரில் எங்களுக்கு ஒரு பொக்கே கடை. அதற்கு முன்னால் அப்பா வடபழனி கோயில் பக்கம் மாலை கட்டி விற்றவர். பாரிமுனை பத்ரியன் தெருவுக்கு விடியற்காலையில் போய் உதிரிப்பூ வாங்கி வந்த காலம் அவருடையது. 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் வந்த பிறகு அங்கே மாறினார். இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு வாடிக்கையாளருக்கும் போன் பண்ணி "வீட்டில் இருக்கீங்களா?" என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. மாலை வாங்குபவர் நேரே வந்து நிற்பார். கல்யாணமா, சாவா, ஐயப்பன் பூஜையா, கட்சிக்காரர் வரவேற்பா என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிடும். அப்பா அதற்குத் தகுந்த மாதிரி பேசுவார், அல்லது பேசாமல் கட்டிக் கொடுப்பார்.

நம் ஊரில் பூ அப்படித்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தெருவில் கூடையோடு வரும் பூக்காரம்மாவுக்குத் தன் வீடுகள் எல்லாம் அத்துப்படி. எந்த வீட்டில் இரண்டு முழம், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும், எந்த வீட்டில் மருமகள் ஜாதிமல்லி தவிர வேறு வைக்கமாட்டாள் என்பதெல்லாம் மனப்பாடம். ஆள் இல்லாவிட்டால் கேட் கம்பியில் கவரைச் சொருகிவிட்டுப் போய்விடுவார். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வாசலில் குரல்கூடக் கொடுக்காமல் கடந்து போவார். காரியம் எல்லாம் முடிந்து, அந்த வீட்டு அம்மாவே கூப்பிட்டு "நாளையிலிருந்து சாமிக்கு மட்டும் குடும்மா" என்று சொல்லும்வரை காத்திருப்பார். அந்த வீட்டு அம்மாவே இனி பூ வைக்கமாட்டார் என்றால் அதுவும் அவருக்குத் தெரியும், அளவைக் குறைத்துக்கொள்வார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொக்கே கடைக்காரிக்கு இதில் ஒன்றும் தெரியாது. பணம் கட்டுகிறவர் சிங்கப்பூரில் இருப்பார். வாங்கப் போகிறவர் தாம்பரத்தில் இருப்பார். நடுவில் கட்டுகிற நான் இரண்டு பேரையும் பார்த்ததே இல்லை. என்னிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு முகவரி, கார்டில் எழுத வேண்டிய ஒரு வரி. அந்த வீட்டில் இன்று என்ன நடக்கிறது என்று அறிய எனக்கு இருக்கும் ஒரே வழி அந்த போன்தான்.

தூர ஊருக்குப் பூ அனுப்பும் இந்த ஏற்பாடு ஒன்றும் இணையம் கொண்டுவந்தது இல்லை. 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ஒரு ஊர்க் கடையில் பணம் கட்டினால், அந்தக் கடைக்காரர் இன்னொரு ஊர்க் கடைக்குத் தந்தி அடிப்பார், அங்கே இருப்பவர் தன்னிடம் உள்ள பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். பயணம் போவது செய்தி மட்டும்தான், பூ எப்போதும் உள்ளூர்ப் பூ. இன்றைக்கு வெப்சைட்டில் ஆர்டர் போடுகிறவர் பலருக்கு இது தெரியாது. ஏதோ பெரிய கிடங்கிலிருந்து பூ கிளம்பி வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வெப்சைட் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, என்னைப் போன்ற ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி தள்ளிவிடும். அந்த நாலு வரியில் பாதி தப்பாக இருக்கும்.

முகவரியில் இருந்தே தொடங்குகிறேன். சென்னையில் வீடு தேடியவர்களுக்குப் பழைய எண், புதிய எண் விவகாரத்தை விளக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனதில் பதிந்திருப்பது சின்ன வயதில் பள்ளிக்கூட டைரியில் எழுதிய எண். மாநகராட்சி பலகையில் இருப்பது வேறு. அந்தத் தனி வீடு இடித்து அப்பார்ட்மெண்ட் ஆகி, மாமாவும் அத்தையும் இரண்டாவது மாடியில் இருப்பார்கள். ஃபிளாட் நம்பர் ஆர்டரில் இருக்காது. "காந்தி தெரு" என்று மட்டும் எழுதி ஏரியா பெயர் விட்டுப் போயிருக்கும். அண்ணா நகர் என்றால் முதலாவது அவென்யூவா, முதலாவது தெருவா, முதலாவது மெயின் ரோடா என்று கேட்காமல் வண்டி கிளம்பக் கூடாது. மேப்பில் குத்திய இடம் பெரும்பாலும் தெரு முனையில் இருக்கும் ஏதோ ஒரு மருந்துக் கடையாக இருக்கும். போனில் கேட்டால் அந்த வீட்டு மனிதர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "பிள்ளையார் கோயில் தாண்டி லெஃப்ட், ஆரஞ்சு கலர் பில்டிங், கீழே டெய்லர் கடை." இதை எந்த மேப்பும் சொல்லாது.

"முகவரி கேட்பதென்றால் எங்களிடமே கேளுங்களேன்" என்பார்கள் அனுப்புகிறவர்கள். கேட்கலாம்தான். குளிர்காலத்தில் எங்களுக்கு மதியம் ஒன்றரை மணி என்றால் நியூ ஜெர்சியில் விடியற்காலை மூன்று. வண்டியோடு தெருவில் நிற்கிற தம்பி அவர்கள் எழுந்திருக்கும்வரை நிற்க முடியாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஆர்டர் ஃபாரத்தில் பெறுபவர் போன் நம்பர் கட்டாயம் என்று இருக்கும். சர்ப்ரைஸ் கெட்டுவிடும் என்று சிலர் அந்த இடத்திலும் தங்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள். நான் "உங்களுக்கு ஒரு பொக்கே வந்திருக்கு சார்" என்று இனிமையாக ஆரம்பிக்க, தூக்கக் கலக்கத்தில் அந்தப் பக்கம் இருந்து "அதை அனுப்பினதே நான்தான்மா" என்று பதில் வரும்.

சரி, முகவரி சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் போன் பண்ணுவேன். காரணம் வெயில்.

ஓசூர்ப் பண்ணையில் வெட்டிய தாஜ்மஹால் ரோஜா, 2 முதல் 4 டிகிரி குளிர் அறையில் இருந்து இரவு வண்டி ஏறி விடியலில் கோயம்பேடு இறங்கும். 20 பூ ஒரு கட்டு. ஏழு மணிக்குள் என் கடைக்கு வந்துவிடும். வந்ததும் கீழ் இலைகளை உருவி, தண்டின் அடியைச் சாய்வாக நறுக்கி, கழுத்தளவு தண்ணீர் இருக்கும் பக்கெட்டில் நிறுத்துவோம். அது வயிறு நிறையத் தண்ணீர் குடித்த பிறகுதான் கட்டுவது. கையில் பிடிக்கும் பொக்கே என்றால் தண்டின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து பாலித்தீன் சுற்றுவதோடு சரி. கூடை அரேஞ்ச்மெண்ட்டுக்குப் பச்சை ஃபோம் இருக்கிறது, அது ஒரு நாள் தாங்கும். கைப் பொக்கேக்கு அந்த வசதி இல்லை. அதிலும் ஜெர்பரா கலந்த பொக்கே என்றால் இன்னும் பயம். கழுத்துக்குக் கீழே தண்டில் ஸ்ட்ரா மாட்டித்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். தண்ணீர் குறைந்தால் ஸ்ட்ராவுக்கு மேலே தலை மட்டும் தொங்கிவிடும். கார்னேஷன் பரவாயில்லை, எதையும் தாங்கும்.

இப்போது இந்தப் பொக்கே ஒரு அப்பார்ட்மெண்ட் வாசலுக்குப் போகிறது. வீட்டில் ஆள் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் நல்லவர்தான், "வச்சிட்டுப் போப்பா, நான் குடுத்துடறேன்" என்பார். அவருடைய கூண்டுக்கு மேலே தகரம், உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ரெஜிஸ்டர், சுவரில் ஓடாத ஃபேன். மே மாதம் மதியம் அங்கே வைத்த பூ, அந்த வீட்டு அம்மா ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்து எடுக்கும்போது என்ன கதியில் இருக்கும்? அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மகனுக்கு வீடியோ கால் போடுவார். மகன் அதைப் பார்ப்பார். நட்சத்திரம் அப்போதும் ஒன்றுதான் விழும். குளிர் நாடுகளில் வாசலில் வைத்த பூ உறைந்து கருகிவிடுகிறது என்பதால் அங்கேயும் கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு வெயில், அவர்களுக்குப் பனி.

கேட் போட்ட பெரிய குடியிருப்புகளில் இன்னொரு படி இருக்கிறது. வீட்டுக்காரர் ஆப்பில் அனுமதி கொடுத்தால்தான் வண்டி உள்ளே போகும். எதிர்பாராத ஆள் வந்து நின்றால் பாதிப்பேர் "ரிஜெக்ட்" அழுத்திவிடுவார்கள். யாரென்றே தெரியாதவனை ஏன் உள்ளே விட வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆக, பிளாக்கும் ஃபிளாட்டும் சரியாக இருந்தும் என் தம்பி கேட்டிலேயே நிற்பான். முதலில் ஒரு குரல் காதில் விழுந்திருந்தால் அந்த அனுமதி உடனே வரும்.

போனில் என்ன சொல்வது என்பதே ஒரு கலை. "மேடம், உங்களுக்கு ஒரு டெலிவரி இருக்கு" என்று மட்டும் சொன்னால் பூ என்ற விஷயம் காப்பாற்றப்படும். ஆனால் நம் மக்களுக்கு டெலிவரி என்றால் டப்பா. "கீழே வச்சிடுங்க", "ஷூ ரேக் மேல போட்டுடுங்க", "பக்கத்து வீட்ல குடுத்துடுங்க" என்று மறுவார்த்தை வரும். பக்கத்து வீட்டுக்காரர் டப்பா என்று நினைத்து பால்கனியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். எனவே "பூ" என்ற வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. சொன்ன உடனே அந்தப் பக்கம் குரல் மாறும், அது எனக்குக் கேட்கும். "பூவா? எனக்கா? யாரு?" அனுப்பியவர் சொல்லச் சொல்லியிருந்தால் சொல்வேன். இல்லையென்றால் "கார்டுல பேர் இருக்கு மேடம்" என்று நிறுத்திக்கொள்வேன். சர்ப்ரைஸில் பாதி போகிறது, மீதிப் பாதி தப்பிக்கிறது. கண் முன்னால் பூவைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் போனில் கேட்டதால் குறைந்து போன மாதிரி எனக்கு ஒருபோதும் தெரியவில்லை. சில அம்மாக்கள் போன் வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு, வாசலைக் கூட்டி, எங்கள் தம்பிக்குக் காபி போட்டு வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் போயிருந்தால் நைட்டியோடு கதவைத் திறந்து, அந்த போட்டோ குடும்ப குரூப்பில் போயிருக்கும். அது சர்ப்ரைஸ் கேட்டவர்களுக்குப் புரிவதில்லை.

கொஞ்ச காலமாக இந்த போனே பெரிய தலைவலியாகிவிட்டது. "உங்கள் பேரில் வந்த கூரியரில் போதைப்பொருள் இருக்கிறது, நாங்கள் போலீஸ் பேசுகிறோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி எல்லா வீட்டிலும் பேசிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் தெரியாத நம்பரில் இருந்து ஒரு பெண் குரல் "உங்களுக்கு ஒரு பார்சல்..." என்று ஆரம்பித்தால், ரிடையர் ஆன ஒரு மாமா என்ன செய்வார்? "1930-க்கு கம்ப்ளைண்ட் பண்ணிடுவேன், ஜாக்கிரதை!" என்று சைபர் மோசடி புகார் நம்பரைச் சொல்லிக் கத்திவிட்டு வைத்துவிட்டார் ஒருவர். அன்று அவருக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்து முதல் கல்யாண நாள். நான் அவருக்குப் பயந்து அடுத்த போனை மாமிக்குப் போட்டேன்.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் கடைப் பலகை தெரிகிற போட்டோவோடு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், கொஞ்ச நேரம் கழித்து போன். எடுத்ததும் முதல் வாக்கியம் "அசோக் நகர் பூக்கடையிலிருந்து பேசறேங்க, பணம் எதுவும் குடுக்க வேண்டாம், ஓடிபி எதுவும் கேட்கமாட்டோம்." அதற்கு அப்புறம்தான் பெயர். இந்த மூன்றையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் போனை வைக்காமல் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இதுவரை சொன்னது எல்லாம் வேலை நடப்பதற்கான காரணங்கள். இதை எல்லாம் ஒரு ஆப்பில் மெசேஜ் அனுப்பியே சமாளிக்கலாம் என்று என் அத்தை பையன் சொல்கிறான், அவன் ஐடியில் இருக்கிறான். நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் வேறு.

டொராண்டோவில் இருந்து ஒருவர், தனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்த சாருக்குப் பிறந்தநாள் பொக்கே கேட்டிருந்தார். மஞ்சளும் ஆரஞ்சும் ஜெர்பரா, கூடவே "ஹேப்பி பர்த்டே" பலூன். காலையில் கட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தார்.

"சாருக்கு ஒரு பொக்கே வந்திருக்குங்க, இன்னிக்கு வீட்ல இருப்பாரா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில், "அவர் போயி பதினோரு நாள் ஆச்சும்மா" என்றார்.

மன்னிப்பு கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "யாரு அனுப்பினா?" என்றார். பெயரைச் சொன்னேன். "அந்தப் பையனா... வருஷா வருஷம் இன்னிக்குப் போன் பண்ணுவானே. அவனுக்கு யாரும் சொல்லலையா?" என்றவர், "நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நான் பேசறேன். அவன் நம்பர் குடுங்க" என்றார். அனுப்புகிறவர் நம்பரைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். டொராண்டோக்காரருக்கு, "வீட்டம்மா உங்ககிட்ட பேசணுமாம், நம்பர் தரலாமா?" என்று மட்டும் மெசேஜ் போட்டேன். "தாராளமா" என்று வந்தது. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவரிடமிருந்து இன்னொரு மெசேஜ் வந்தது. பொக்கே வேண்டாம், அந்தப் பணத்துக்கு சாருடைய படத்துக்கு ஒரு மாலை போட முடியுமா? அப்பா உட்கார்ந்து சம்பங்கி மாலை கட்டினார். மறுநாள் காலை தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அம்மாவிடம் நேரம் கேட்டு, அவர் சொன்ன நேரத்துக்குத்தான்.

போன் பண்ணாமல் போயிருந்தால் அந்த வாசலில் என் தம்பி பலூனோடு நின்றிருப்பான்.

இவ்வளவு கனமாக எப்போதும் நடப்பதில்லை. ஆனால் சின்ன அளவில் இதே மாதிரி விஷயங்கள் வாராவாரம் வரும். ஆஸ்பத்திரிக்குப் பூ என்றால் நோயாளிக்குக் கூப்பிடமாட்டேன், கூட இருப்பவரைப் பிடிப்பேன். ஐசியூவில் பூவை அனுமதிக்கமாட்டார்கள். கீமோ எடுத்து வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவர் பக்கத்தில் புதுப் பூவும், ஜாடித் தண்ணீரும் வேண்டாம் என்பார்கள், அதில் கிருமி இருக்கும். ரூம் மாறியிருக்கும், அல்லது காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்கள். "வீட்டுக்குக் கொண்டு வாங்க, அங்கேதான் போய்க்கிட்டிருக்கோம்" என்று காரில் இருந்தே சொல்வார்கள். லில்லி கேட்டிருந்தால் ஒரு கேள்வி கூடுதல்: வீட்டில் பூனை இருக்கிறதா? பூனைக்கு லில்லி விஷம், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். "எங்க வீட்ல மூணு இருக்குங்க" என்று ஒருவர் சொன்னார். ரோஜாவாக மாற்றிக் கொடுத்தோம். அனுப்பிய நண்பருக்கு அந்தப் பூனைகளைப் பற்றித் தெரியவே தெரியாது.

ஓஎம்ஆர் பக்கம் ஆபீசுகளுக்கு அனுப்பும்போது கேட்கிற கேள்வி, "ஆபீசுக்கா, வீட்டுக்கா?" அனுப்புகிறவர்களுக்கு ஆபீஸ்தான் பிடிக்கும், நாலு பேர் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்களில் கணிசமான பெண்கள் வீடு என்றுதான் சொல்கிறார்கள். ரிசப்ஷனில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தச் செவப்பு ரோஜாவைத் தூக்கிக்கொண்டு மொத்த ஃப்ளோரும் பார்க்கத் தன் சீட் வரை நடப்பது எல்லோருக்கும் சுகமான விஷயம் இல்லை. மாலை வரை "யாரு? யாரு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நான் ரொம்பக் கறாராக இருக்கும் இடம் வருகிறது. பூவை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் வாசலில், அக்கம்பக்கம் பார்க்க, கையில் பொக்கேயோடு நிற்கும் ஒரு அந்நிய ஆளிடம் பயன்படுத்துவது கஷ்டம். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். போனில் சொல்வது சுலபம். "அந்த ஆள் அனுப்பினதா? தயவுசெஞ்சு கொண்டு வராதீங்க அக்கா" என்று ஒரு பெண் சொன்னார். விவரம் கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிவிட்டு, அனுப்பியவருக்கு "வாங்கிக்க விரும்பலைன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு வரி போட்டேன். அவர் உடனே கூப்பிட்டார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "என்ன சொன்னா? எந்த மாதிரிக் குரல்ல சொன்னா? அவ இருக்கிற அட்ரஸ் மாறிடுச்சா, ஏதாவது சொன்னாளா?" நான் வைத்துவிட்டேன்.

அட்ரஸ் விஷயம் இன்னும் மோசமாகவும் வரும். "போன் நம்பர் மட்டும்தான் இருக்கு, அட்ரஸை நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க" என்று சிலர் ஆர்டர் போடுவார்கள். பெரும்பாலும் இது வெள்ளந்தியான விஷயம்தான், தோழி வீடு மாறியிருப்பாள், அனுப்புகிறவரே கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அதோடு சேர்த்து, "வாங்கினதும் எனக்கும் ஒருதடவை அனுப்புங்க, சரியான்னு பார்த்துக்கறேன்" என்று வந்தால் எனக்கு மணி அடிக்கும். பூக்கடையை வைத்து ஒரு பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு ரூபாய்ப் பூவுக்கு அது மலிவான வழி. வாங்குகிறவர் என்னிடம் சொன்ன முகவரி என்னோடு நிற்கும். டெலிவரி போட்டோ கேட்பவர்களுக்கும் அதே பதில். கடையில் கட்டி முடித்ததும் பொக்கேயை எடுத்து அனுப்புவேன். கதவு எண்ணும், வாங்குகிறவர் முகமும் தெரிகிற போட்டோ, அவர் சரி என்று சொன்னால் மட்டும். அம்மாக்கள் உடனே சரி என்பார்கள், தலையைச் சரிசெய்துகொண்டு இன்னொன்று எடுக்கச் சொல்வார்கள்.

பிப்ரவரி 14 மட்டும் என் கொள்கைக்கு வருகிற பரீட்சை. ஓசூர்க்காரர்கள் அந்த ஒரு தேதியை வைத்து டிசம்பர் வாக்கிலேயே கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணி, மொட்டு சரியாக அந்த வாரத்தில் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். விலை ஏறும். கடையில் நிற்க இடம் இருக்காது. அன்று எல்லோருக்கும் போன் போட முடியுமா என்றால், முந்தின நாள் மாலையே ஆரம்பித்துவிடுகிறோம். அக்கா, அத்தை, கல்லூரி லீவு போட்ட அவள் பெண் என்று மூன்று போனும் ஓடும். மற்ற நாட்களைவிட அன்றைக்குத்தான் கூப்பிடுவது அவசியம். "வேண்டாம்" என்கிற பதில் அதிகம் வருவதும் அன்றுதான். அத்தைப் பெண்ணுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். யார் குரல் எப்படி மாறியது என்று ராத்திரி சாப்பாட்டில் நடித்துக் காட்டுவாள்.

சர்ப்ரைஸ் கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அம்மா நம்பரைக் கொடுக்காமல் அண்ணி நம்பரைக் கொடுங்கள். அப்பாவுக்கு என்றால் மாடியில் குடியிருக்கும் மாமி, மனைவிக்கு என்றால் மாமியார், தோழிக்கு என்றால் ரூம்மேட். அந்த வீட்டுக்குள் நடமாடும் இன்னொரு ஆள், பெறுபவர் இன்று எங்கே, எப்படி இருக்கிறார் என்று அறிந்தவர். அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வந்தால் கதவு திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆர்டர் குறிப்பில் "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், அண்ணிக்குத் தெரியும்" என்று ஒரு வரி போதும். அண்ணிக்கு நிஜமாகவே முன்கூட்டித் தெரியப்படுத்தியும் விடுங்கள், இல்லாவிட்டால் அவரும் 1930 என்பார். நம்பரைப் போட்ட பிறகு 10 இலக்கமும் இருக்கிறதா என்று ஒருதடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஒன்பது இலக்கத்தோடு வந்து நிற்கும் ஆர்டருக்கு நான் யாரைப் போய்க் கேட்பது?